எந்த மாதத்துப் படம்?

சர்க்காரில் என்னை ஒரே ஒரு முறைதான் படம் பிடித்திருக்கிறார்கள், ஓட்டர் கார்டுக்காக. அன்றைக்குப் பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. வலது கன்னம் ஒரு சாத்துக்குடியை அடக்கிக்கொண்டது போலப் புடைத்து, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடிக் கிடந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். படம் எடுப்பவர் "ம், அடுத்தது" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் கார்டைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், திரும்பவும் கார்டைப் பார்ப்பார்கள். "இது நீங்களா?" நான் தலையை ஆட்டுவேன். பல்வலி என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? அதைக்கூட நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்நிய மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

இந்தக் கார்டு பிறகும் வரும். இப்போது வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

கருவடிக்குப்பம் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் தெரு, வளைந்து வளைந்து ஒரு குளத்தங்கரையில் போய் முடியும். கடைசியில் இருக்கும் பதினொரு வீடுகளில் ஏழாவது என்னுடையது. இரண்டு அறை, மேலே சிமெண்ட் சீட்டுக் கூரை, பின்னால் ஒரு முருங்கை மரம். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை செய்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. அவர் போன பிறகு நான் மட்டும்தான். மகளைக் கடலூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறேன். "வந்து எங்களோட இரும்மா" என்பாள். மருமகன் நல்லவர்தான். ஆனாலும் என் வீட்டில் நான் நினைத்த நேரத்தில் கஞ்சி குடிப்பேன், நினைத்த நேரத்தில் படுப்பேன். அது போனால் எனக்கு என்ன இருக்கிறது?

ஊரில் முனைக்கு முனை பிரவுசிங் சென்டர் இருந்த வருடங்கள் அவை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் கோலம் காய்வதற்குள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் தாள், ஒருவர் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா, ஒருவர் கையில் பிரஷ்.

"ஆயா, தள்ளி நில்லு. பொடவையில பட்டுடப் போவுது" என்றார் பிரஷ்காரர். என் வீட்டுச் சுவரில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே 7 என்று எழுதினார். பெயிண்ட் வழிந்து ஏழுக்கு ஒரு வால் முளைத்தது.

எதிர்வீட்டுக்காரர் கொத்தனார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னா சார், எலக்சனா? எந்தக் கட்சி, சின்னம் புதுசா இருக்குது?" என்று கேட்டார்.

தாள் வைத்திருந்தவர் சிரிக்கவில்லை. "கொளத்துக்குள்ள வூடு கட்டிக்கினு இருக்கீங்க. பதினோரு வூட்டையும் எடுத்தாவணும்."

"யாரு சொன்னது?"

அவர் விரலை மேலே காட்டினார். நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். கரண்ட் கம்பியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"சாட்டிலைட்டு" என்றார். "மேலேர்ந்து படம் எடுத்திருக்குது. அதுல உங்க வூடெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குது. மனுசன் பொய் சொல்லுவான். படம் சொல்லாது."

எனக்கு உடனே ஒரு கேள்வி வந்தது. எந்த மாதத்துப் படம்? ஏனென்றால் அதற்கு இரண்டு வருடம் முன்னால் மழைக்காலத்தில், ரோடு போடுகிறவர்கள் கொட்டிய மண் எங்கள் மதகை அடைத்துக்கொண்டு, குளத்துத் தண்ணீர் ஏறித் தெருவுக்குள் வந்துவிட்டது. என் வீட்டு மூன்றாவது படி வரைக்கும் ஒன்பது நாள் தண்ணீர். பத்தாம் நாள் இதே கொத்தனாரும் இன்னும் நாலு பேரும் மண்வெட்டியோடு போய் மதகை வெட்டிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் குளம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஒன்பது நாளில் மேலேயிருந்து படம் எடுத்திருந்தால்?

கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர்கள் எட்டாவது வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுவாரம் எல்லாருக்கும் நோட்டீஸ் வந்தது. ஒரு மாதம் கழித்து ஆபீசுக்கு வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று போட்டிருந்தது. தெருவில் அவரவர் பத்திரத்தைத் தேடி எடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலத்தை அளந்து கொடுத்த பழைய கதாஸ்தர் நம்பர் போட்ட காகிதம் ஒன்று என்னிடமும் இருந்தது. ஆனால் எல்லார் மனதிலும் அந்தப் படம்தான். வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு முன்னால் டிரங்குப் பெட்டியில் மக்கிய காகிதம் எப்படி நிற்கும் என்ற பயம்.

தெரு முனையில் மாடிவீடு ஒன்று உண்டு. அதில் இருப்பவரை நாங்கள் மதாம் என்போம். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மகன் பிரான்சில். என் வயதுதான் இருக்கும், கான்வென்டில் பிரெஞ்சு படித்தவர், ஆனால் பேச்சு எங்கள் தெருப் பேச்சுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஆய்வார், நானும் கூட ஆய்வேன். நான் தடங்கலில்லாமல் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

"மூஞ்சி ஏன் செத்துக் கெடக்குது?" என்றார் அன்றைக்கு.

சொன்னேன். மதகு, ஒன்பது நாள், எல்லாம்.

"எந்த மாசத்துப் படம்னு அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"எட்டாவது வூட்டுக்குப் போயிட்டாங்க."

"எட்டாவது வூடு இன்னா, பாரீசுலயா இருக்குது? போற வரைக்கும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" கீரைக் காம்பை என் மேல் எறிந்தார். பிறகு இன்னொரு கொத்தை எடுத்து ஆய்ந்தார். "சரி, நாமளே பாத்துடலாம். என் மவன் அங்க உக்காந்துக்கினு, 'மொட்டமாடியில தண்ணி டேங்கு மூடி தெறந்து கெடக்குதேம்மா'ன்றான். அவனுக்குத் தெரியறது நமக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை அவரோடு மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் முகத்தைப் பார்க்க அவர் போகிற இடம்தான். பிளைவுட் தடுப்புப் போட்ட ஐந்து அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. நடத்துகிறவர் ஐம்பது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். இரண்டு பேர் உட்கார இடமில்லாத அறையில் மதாம் உட்கார்ந்தார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதலில் உலகம் உருண்டையாகச் சுற்றியது. கடைக்காரர் வந்து ஏதோ தட்டினார். நாங்கள் மேலேயிருந்து விழுவது போல விழுந்தோம். கடல் வந்தது, கடற்கரையோரத்தில் கோடு போட்ட மாதிரித் தெருக்கள் வந்தன, நடுவில் வாய்க்கால். அப்புறம் வடக்கே நகர்ந்து நகர்ந்து எங்கள் குளம். அதன் பக்கத்தில் எங்கள் தெரு. என் பாத்ரூம் கூரையில் நான் போட்ட நீலத் தார்ப்பாய், அது பறக்காமல் இருக்க மேலே வைத்த உடைந்த ஆட்டுக்கல் ஒரு கறுப்புப் புள்ளியாக.

"இது என் வூடா?"

"வேற யாரு வூடு? உன்ன மாதிரியே பதுங்கிக்கினு இருக்குது பாரு."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. பின்பக்கத்துக் கொடியில்தான் என் பாவாடையைக் காயப் போடுவேன், தெருவில் யார் கண்ணிலும் படாது என்று. இங்கே உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் போலிருக்கிறதே! கொடியை உற்று உற்றுப் பார்த்தேன். நல்லவேளை, அவ்வளவு தெரியவில்லை. சொன்னபோது மதாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைத் திரை விலகி ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

படத்தில் குளம் எங்கள் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே இருந்தது. "அப்ப முடிஞ்சிது. இதக் கொண்டுபோய்க் காட்டலாம்" என்றார் மதாம்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இது சும்மா பாக்கத்தான் மதாம். பல நாள் படத்தத் துண்டு துண்டா ஒட்டி வெச்சிருப்பான். எந்தத் தேதின்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. தேதி போட்ட படத்துக்கு வேற எடம் இருக்குது. எந்தச் சாட்டிலைட்டு, என்னைக்கு எடுத்துது, மேகம் எவ்வளவு, எல்லாம் வரிசையாப் போட்டிருப்பாங்க. தேடணும்."

மதாம் தேடினார். இங்கிலீஷில் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் தேடினார். ஒரு பக்கம் திறந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் படித்தார்.

"எந்தக் கப்தேர் வேணும்னு கேக்குது."

"அப்படின்னா?"

"கண்ணு. மேல சுத்தறதுங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி கண்ணு. ஒண்ணு பொடிப் பொடியாப் பாக்கும், ஒண்ணு மொத்தமாப் பாக்கும். ஒண்ணுக்கு ராத்திரிகூடத் தெரியுமாம்." இன்னும் கொஞ்சம் படித்தார். "இது மொத்தமாப் பாக்கறது. ஆனா இருவது வருசத்துப் படம் இருக்குது, சும்மாவே குடுக்கறான். இரு, ஒண்ணத் தெறக்கறேன்."

படம் உடனே வரவில்லை. மேலேயிருந்து ஒரு விரல் அகலம் வந்தது, நின்றது. இன்னொரு விரல் அகலம் வந்தது. பாய் விரிக்கிற மாதிரி இறங்கி இறங்கி வந்தது. எல்லாம் சிவப்பு. எங்கள் தெருவுக்குப் பின்பக்கம் சிவப்பு. கருவடிக்குப்பம் முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. ஊருக்கு வெளியே வயல்காடெல்லாம் ரத்தம் கொட்டிய மாதிரி.

என் சுவரில் அந்த வட்டம் போட்டதும் அதே சிவப்புதான். எங்கெங்கே இடிக்கப் போகிறார்களோ அங்கெல்லாம் மேலேயே குறித்துவைத்துவிட்டார்கள், கீழே வந்து சுவரில் எழுதுவதுதான் பாக்கி என்று எனக்குத் தோன்றிவிட்டது. மதாம் திரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் வந்து பார்த்தால் ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் யாருடைய செருப்போ.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் தெருக்குழாயில் நின்றபோது கொத்தனார் சம்சாரம், "இன்னா பெரிம்மா, மதாமோட கம்ப்யூட்டர் பாக்கப் போனியாமே, இன்னா தெரிஞ்சிது?" என்றாள். குடத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எப்போதும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் குனிந்துகொள்கிற நான், அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"எல்லாம் செவப்பு. நம்ம பதினோரு வூடு மட்டும் இல்ல. சுத்துப்பட்டு முழுக்கக் குறி போட்டிருக்காங்க. என் கண்ணால பாத்தேன்."

என் வாழ்நாளில் நானாக ஒரு தெருவுக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் கொடுமை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். "அந்தப் பெரிம்மாவே வாயத் தெறந்து சொல்லுதுன்னா" என்று நம்பிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கொத்தனார் கூரைமேல் நின்று சீட்டுக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வண்டி வந்து இடிச்சா சீட்டு தூளாயிடும். வூடுதான் போவுது, சீட்டாவது மிஞ்சட்டும்" என்றார். நாலு சீட்டு சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டாவது வீட்டில் பீரோவைச் சம்பந்தி வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். நானும் பித்தளைக் குடத்தையும் வாணலியையும் பழம்புடவையில் மூட்டை கட்டினேன். முருங்கை மரத்தின் கீழே போய் நின்றுவிட்டு வந்தேன். மரத்தை மூட்டை கட்ட முடியாதே.

பத்து மணிக்கு மதாம் வந்தார். கையில் என் ஒற்றைச் செருப்பு.

"கடைக்காரர் நேத்து மத்தியானம் ஒத்தச் செருப்போட வெயில்ல வூட்டுக்குப் போனாரு, தெரியுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்தவர், மூட்டையைப் பார்த்ததும் நிறுத்தினார். "இது இன்னா?"

"எல்லாம் செவப்பா இருந்துதே மதாம்."

"செவப்பா இருந்தா?"

"இடிக்கறதுக்குக் குறிதானே?"

மதாம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அடிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. "மொன் தியே! அது எலம்மா, எல!"

"எலயா?"

"மரம், செடி, புல்லு, அதுதான் செவப்பு. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் பச்ச எலயிலேர்ந்து வருதாம். அந்தக் கண்ணுக்கு மட்டும் அது தெரியுது. நமக்குக் காட்டறதுக்கு அதுக்குச் செவப்பு அடிச்சு வெச்சிருக்கான். நான் அங்க அதத்தான் படிச்சிக்கினு இருக்கேன், திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

நான் நம்பாமல் நின்றேன்.

"கவர்னர் மாளிகைக்கு முன்ன பூங்கா இருக்குதே, அதுதான் ஊருலயே நல்ல செவப்பு. அதையா இடிக்கப் போறாங்க? ஒன் முருங்கக்கூடச் செவப்புதான். போ, போய் அந்த மூட்டய அவுறு."

மூட்டையை அவிழ்த்தேன். வாணலியை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். அப்புறம்தான் கூரை இல்லாத எதிர்வீடு ஞாபகம் வந்தது.

மற்ற பத்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் சொன்னது தப்பு, அது எல" என்று சொல்ல வேண்டியிருந்தது. பலருக்குப் புரியவில்லை. மதாம் கூடவே வந்து பாக்கியைச் சொன்னார். கொத்தனார் வெறும் சட்டத்தின் மேல் உட்கார்ந்தபடி கடைசிவரை கேட்டார். "பெரிம்மா, அறுவது வருசமா வாயத் தெறக்காம இருந்த. இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?" என்றார். கீழே அவர் சம்சாரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

மறுபடியும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நான் முதலில் கடைக்காரருக்கு அவருடைய செருப்பைக் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்.

இந்த முறை பயமில்லாமல் பார்த்தேன். கடல் கறுப்பு. தண்ணீர் அந்த வெளிச்சத்தைத் திருப்பித் தராதாம், அதனால் கறுப்பு. உப்பளத்துப் பக்கம் மைதானம் வெளுப்பாக இருந்தது. பூங்கா மதாம் சொன்ன மாதிரியே சிவப்பு. எங்கள் குளம் ஒரு கறுப்பு மச்சம். அந்தக் கண் மொத்தமாகப் பார்க்கிற கண் என்பதால் வீடு தனித்தனியாகத் தெரியாது. எங்கள் பதினொரு வீட்டுக்கும் சேர்த்து நாலே நாலு புள்ளிதான், சாம்பல் நிறத்தில். குளத்துக்கும் அந்த நாலு புள்ளிக்கும் நடுவில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு ஒன்று. கரையில் மண்டியிருக்கும் வேலிகாத்தான்.

"தேதிய மாத்தி மாத்திப் பாப்போம்" என்றார் மதாம்.

மழை மாதங்களில் முக்கால்வாசிப் படம் வெறும் வெள்ளை. மேகம். பஞ்சு மூட்டையைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும், கீழே ஊரே தெரியாது. தண்ணீர் வந்த அந்த வருடத்துக் கார்த்திகையில் ஒரே ஒரு படம்தான் மேகமில்லாமல் இருந்தது. திறந்தோம். விரல் விரலாக இறங்கியது. எங்கள் குளம் வந்தபோது நான் மதாம் தோளைப் பிடித்துக்கொண்டேன். மச்சம் பெருத்திருந்தது. சிவப்புக் கோட்டை விழுங்கி, எங்கள் நாலு புள்ளியிலும் கறுப்பு ஏறியிருந்தது.

"தேதி இன்னா மதாம்?"

சொன்னார். என் வீட்டில் தண்ணீர் நின்ற ஆறாவது நாள். அன்றைக்கு வெயில் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நனைந்த தலையணையைத் தண்ணீருக்கு நடுவில் படிமேல் நின்றுகொண்டு காயவைத்தேன். மேலே ஒன்று அதே நேரத்தில் என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

அதே கண் அடுத்த தை மாதத்தில் எடுத்ததைத் திறந்தோம். கறுப்பு பின்வாங்கி, சிவப்புக் கோடு திரும்ப வந்திருந்தது. வைகாசியில் இன்னும் சுருங்கியிருந்தது. பத்து வருடம், பதினைந்து வருடம் முன்னால் போனோம். கூடுதலோ குறைச்சலோ, குளம் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது ஒவ்வொரு பிடியாக எடுபட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பாவாட தெரியுதான்னு பாக்கலயா?" என்றார் மதாம், எனக்குச் சிரிப்பு வருவதற்காக.

கடைக்காரர் மூன்று படங்களைக் கலரில் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் தேதியும் எந்தக் கண் என்பதும் அச்சாகியிருந்தது. நான் ஒரு காகிதத்தில் என் கையெழுத்திலேயே இரண்டு கேள்வி எழுதினேன். தாங்கள் பார்த்த படம் எந்தத் தேதியில் எடுத்தது? எந்தக் கருவியில் எடுத்தது? அதற்கு மேல் எனக்கு எழுதத் தோன்றவில்லை.

குறித்த நாளில் பதினொரு வீட்டுக்காரர்களும் ஆபீசுக்குப் போனோம். மதாம் கூட வந்தார். எல்லாரும் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, "பெரிம்மா போவட்டும், அதுதான் பாத்துது" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். கொத்தனார்தான் முதலில் தள்ளியது. சீட்டுக்குப் பழி வாங்கினார் என்று நினைக்கிறேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. பக்கத்தில் பெயிண்டோடு வந்தவர்களில் தாள் வைத்திருந்தவர். "அடையாள அட்டை இருக்கா?" என்றார் அதிகாரி. கொடுத்தேன். கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். வாய் ஒட்டிக்கொண்டது. அவர் கார்டை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார். பின்னால் மதாம் என் முதுகில் விரலால் குத்தினார், நன்றாகவே வலித்தது.

"நான்தாங்க" என்றேன். "அன்னைக்குப் பல்வலிங்க. கன்னம் வீங்கியிருந்துது. மத்த நாள்ல இப்படித்தாங்க இருப்பேன்."

அதிகாரி லேசாகச் சிரித்தார். "சரி, சொல்லுங்க. உங்களுக்கு என்ன சொல்லணும்?"

என்ன சொல்வது என்று ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. வந்தது இதுதான். "எங்க கொளத்துப் படமும் அப்படித்தாங்க. வீங்கின அன்னைக்கு எடுத்தது."

காகிதத்தையும் மூன்று படங்களையும் மேஜையில் வைத்தேன். என் இரண்டு கேள்வியையும் அவர் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கையை நீட்டினார். அவர் பைலைப் பிரித்து அவர்களுடைய படத்தை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதைத் திருப்பிக் கீழ் மூலையைப் பார்த்தார். பிறகு என்னுடைய கார்த்திகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே தேதி.

"மத்த மாசத்துது பாக்கலியா?" என்று கேட்டார்.

"மேகம் இல்லாத படமா இதுதான் சார் கெடச்சிது" என்றார் அவர்.

"மழை மாசத்துல மேகம் இல்லாமயா இருக்கும்? வெயில் மாசத்துது எடுக்கணும்ல?" அதிகாரி என் தை மாதப் படத்தையும் வைகாசிப் படத்தையும் அவர் பக்கம் நகர்த்தினார். எங்களிடம், "நேர்ல அளந்து பாத்துட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் யாரும் எதையும் எடுக்க வேணாம்" என்றார்.

"ஒருத்தன் ஏற்கெனவே எடுத்துட்டான்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கொத்தனார் சிரிக்கவில்லை.

அளக்க வந்தார்கள். சங்கிலி போட்டு, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேடி, வேலிகாத்தான் புதருக்குள் குளத்து எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் எல்லாரும் கல்லுக்கு இந்தப் பக்கம். பதினொன்றாவது வீட்டுக் குளியலறை மட்டும் ஒரு முழம் அந்தப் பக்கம் போயிருந்தது. அதை அவர்களே இடித்துத் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் அந்தப் பிரஷ்காரர் திரும்ப வந்தார். அதே சிவப்புப் பெயிண்ட். என் சுவரில் இருந்த ஏழின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எட்டாவது வீட்டுக்குப் போவதற்குள் கேட்டுவிட்டேன்.

"தம்பி, இதுக்கு இன்னா அர்த்தம்?"

"கேன்சல் ஆயா. ஒன் வூட்ட யாரும் தொட மாட்டாங்க."

அன்று மத்தியானம் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, கதவைத் திறந்து போட்டபடியே படுத்தேன். முந்தின இரண்டு மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. எழுந்தபோது கீரை வாங்க மதாமே என் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்திருந்தார். "எழுப்பல. கொறட்ட நல்லாப் போய்க்கினு இருந்துது" என்றார்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது இரண்டு பூச்சுக்கு அந்தச் சிவப்பு மறையவில்லை. மூன்றாவது பூச்சில் போனது.

கொத்தனார் நாலு சீட்டையும் திரும்ப ஏற்றினார். கழற்றியபோது ஆணி இழுத்த இடம் ஒன்று அடைபடவே இல்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் தன் கூரையை அடைக்க நேரமில்லை என்பார். இப்போதும் பெருமழை பிடித்தால், எதிர்வீட்டிலிருந்து அலுமினிய அண்டாவில் சொட்டுச் சொட்டென்று விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். கூடவே அவர் குரலும் வரும்.

"பெரிம்மா! மேல படம் எடுக்கறாங்களாம், சிரி!"

"இன்னைக்கு மேகம், ஒண்ணும் தெரியாது" என்று நானும் இங்கிருந்தபடியே கத்துவேன்.